வசவும் வாழ்த்தும்: அருளிச்செயலில் பரிஹாஸ மொழியின் நிலை

பெரிய திருமொழியின் நாலாம் பத்தில் ஒன்பதாம் திருமொழியைக் காலக்ஷேபமாகக் கேட்கும் கோஷ்டிகளில் ஒரு கேள்வி எழாமற்போவதில்லை. திருவிந்தளூர் எம்பெருமானைப் பார்த்து ஆழ்வார் இப்படிப் பேசலாமா என்பதே அது. அடியேன் இருந்த ஒரு கோஷ்டியில் முதியவர் ஒருவர் இக்கேள்வியை இன்னும் ஒருபடி முன்னே கொண்டு சென்றார். “ஆழ்வாருக்குத் தகுமென்றால், மனம் நொந்த வேளையில் நாமும் இப்படிப் பேசலாமோ? நமக்குத் தகாதென்றால், இந்தப் பாசுரங்களை நாம் வாய்விட்டு அனுஸந்திப்பது எந்த அதிகாரத்தால்?” என்றார். கோஷ்டி சற்று நேரம் மௌனமாயிருந்தது.

இக்கேள்விக்குப் பொதுவாக இரண்டு விடைகள் சொல்லப்படுகின்றன. ஒன்று, இது நிந்தைபோலத் தோற்றும் ஸ்துதி. உள்ளே கோபம் ஏதுமில்லை என்பது. மற்றொன்று, ப்ரேமத்தால் கலங்கினவருடைய வார்த்தையாகையாலே இதைச் சொல்லுக்குச் சொல் ஆராய வேண்டா என்பது. இரண்டும் பக்தியோடு சொல்லப்படுபவையே. ஆயினும் முதல் விடை ஆழ்வாருடைய ஆற்றாமையைப் பொய்யாக்குகிறது. இரண்டாவது அவருடைய சொல்லைப் பொருளற்றதாக்குகிறது. பாசுரத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் ப்ரயோஜனம் காட்டின ஆசார்யர்களின் வழியில் நிற்கும் நாம் இவ்விரண்டிலும் த்ருப்தியடைய முடியாது.

பரிஹாஸமும் வசவும் கலந்த இம்மொழிக்கு அருளிச்செயலில் தனியானதொரு கார்யம் உண்டு என்பதும், துதிமொழி செய்யமாட்டாத அந்தக் கார்யத்துக்குத் திட்டமான எல்லையும் உண்டு என்பதும் இக்கட்டுரையின் துணிபு. அந்த எல்லை எங்கேயுள்ளது என்பதை அறிந்தால் முதியவரின் கேள்விக்கும் விடை கிடைக்கும்.

இலக்கணம் தரும் அளவு

எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலாவதாக வைத்த தொல்காப்பியர், அது பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கைச் சொன்னார. வடமொழி அலங்கார நூலார் நிந்தையின் வாயிலாகத் துதிப்பதை வ்யாஜஸ்துதி என்றனர். தமிழில் அதை வஞ்சப்புகழ்ச்சி என்று வழங்குகிறோம்.

இவ்விலக்கணங்கள் நமக்கு வேண்டியவையே, போதுமானவையல்ல. வஞ்சப்புகழ்ச்சியில் கவி புகழ வேண்டுமென்று முன்னமே துணிந்திருக்கிறான். பழிப்பு அவன் அணியும் வேஷம். கேட்பவன் வேஷத்தைக் களைந்து புகழைக் கண்டவுடன் பழிப்புக்கு வேலை முடிந்துவிடுகிறது. திருமங்கையாழ்வாருடைய வார்த்தை அத்தகையதன்று. புகழைக் கண்டுகொண்ட பின்பும் பழிப்பு அங்கேயே நிற்கிறது. காரணம், அவர் கேட்டது இன்னும் கிடைக்கவில்லை. எம்பெருமான் திருமேனியைக் காட்டினாலொழிய அந்தப் பழிப்பு தீராது. ஆகவே இதை அணியாக மட்டும் கொள்ளாமல், அபேக்ஷையின் வடிவாகக் கொள்ள வேண்டும். துதிப்பவன் கிடைத்ததைப் பேசுகிறான். பிணங்குகிறவன் கிடைக்கவேண்டியதைப் பேசுகிறான்.

திருவிந்தளூரில் நடந்த வழக்கு

மாயவரத்தை அடுத்துள்ள திருவிந்தளூரில் பள்ளிகொண்டருளும் பரிமளரங்கநாதனை மங்களாசாஸனம் செய்ய வந்த ஆழ்வாருக்கு, விரும்பினபடி ஸேவை கிடைக்கவில்லை. அந்த ஆற்றாமையே இத்திருமொழி. இதன் பத்துப் பாசுரங்களையும் ஒரே ஸ்வரத்தில் வாசித்தால் நயம் தோன்றாது. சொல்லின் போக்கைப் படிப்படியாகப் பார்க்க வேண்டும்.

முதலில் விளியைக் கவனிப்போம். இரண்டாம் பாசுரத்தில் ஆழ்வார் எம்பெருமானை ஒருமையில், குழைந்து அழைக்கிறார். சிந்தையை விட்டு நீங்காதவனே, திருவாலியிலும் திருநறையூரிலும் உள்ளவனே என்று திவ்யதேசங்களையெல்லாம் சேர்த்துக்கொண்டு, அடியேனுக்குச் சிறிதும் இரங்காயோ என்கிறார். அவ்வளவு குழைந்தும் பலிக்கவில்லை. மூன்றாம் பாசுரம் முதல் விளி ‘நீர்’ என்னும் பன்மையிலே நிலைபெற்றுவிடுகிறது. தமிழ்க் குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்த மாற்றத்தை விளக்க வேண்டியதில்லை. நெருங்கினவர் திடீரென்று மரியாதையாகப் பேசத் தொடங்கினால் ஏதோ மனத்தாங்கல் என்று வீட்டிலுள்ளார் அனைவரும் அறிவர். இங்கே மரியாதைப் பன்மையே பிணக்கின் முதல் அடையாளமாகிறது. வெறும் துதியாயிருந்தால் ஒருமையை விட்டுப் பன்மைக்குப் போகவேண்டிய அவசியமென்ன?

மூன்றாம் பாசுரத்தில் உலகத்தை ஈரடியால் அளந்த செய்தி வருகிறது. எம்பெருமானுடைய பெருமையாக எத்தனையோ இடங்களில் பாடப்பட்ட செய்திதான். ஆனால் இங்கே, உம்மைக் காணவேண்டும் என்னும் ஆசைக்கடலில் விழுந்து நாங்கள் அயர்ந்து கிடக்கிறோம், அயலார் எங்களை ஏசுகிறார்கள் என்னும் பேச்சின் நடுவே அது வருகிறது. நல்லவர் பொல்லாதவர் என்று பாராமல், கேளாதார் தலைமேலும் திருவடியை வைத்தவர் நீர். கேட்டுக்கொண்டு வாசலில் நிற்பவருக்கோ காட்டமாட்டீர் என்னும் குத்தல் அச்செய்தியை அங்கே வைத்ததனாலே தானே விளைகிறது. பெருமையைச் சொல்லும் வாக்கியத்தின் ஓரெழுத்தையும் மாற்றாமல் அதைக் குற்றப்பத்திரிகையாக்குவது இந்தப் பரிஹாஸத்தின் முறை.

நாலாம் பாசுரம் இவ்வழக்கின் உச்சம். ‘வாசி’ அறிவதில் வல்லவரே என்று ஆழ்வார் எம்பெருமானை அழைக்கிறார். வாசியாவது வேறுபாடு. அடியாருக்குள்ளே இவருக்குக் காட்டலாம், இவருக்குக் காட்டலாகாது என்று தரம் பிரிக்கும் ஸாமர்த்யம் உமக்குத்தான் உண்டு என்றபடி. இதைச் சொல்லிவிட்டு, நீரே வாழ்ந்து போவீராக என்னும் பொருள்பட முடிக்கிறார். உம்முடைய வடிவழகு உமக்கே இருக்கட்டும். நீரே கண்டு நீரே அநுபவித்துக்கொள்ளும். நாங்கள் போகிறோம் என்பது கருத்து.

இந்த வார்த்தையின் கூர்மையை அறிய ஸித்தாந்தத்தை நினைக்க வேண்டும். எம்பெருமானுக்குத் திருமேனியும் திவ்யாயுதங்களும் திவ்யதேசமும் தனக்காக அல்ல, பக்தர்களுக்காகவே என்று ஜிதந்தே ஸ்தோத்ரம் சொல்லுகிறது. நம் ஸம்ப்ரதாயத்தில் இது அடிப்படையான அர்த்தம். அடியாருக்காகவே உள்ள ஒன்றை, ‘நீரே வைத்துக்கொண்டு வாழும்’ என்றால், உம்முடைய ஸ்வபாவத்துக்கே விரோதமானதை நீர் செய்கிறீர் என்றதாயிற்று. எந்தச் சாஸ்த்ரவாதியும் எம்பெருமானை இவ்வளவு நெருக்கிப் பிடித்ததில்லை. பரிஹாஸம் என்பது தத்வத்தை மறந்த நிலையில் வந்ததாயிருந்தால் அது இந்த இடத்தில் சரியாகப் போய்த் தைத்திராது. தத்வத்தை முழுக்கத் தெளிந்தவர் வாயில் மட்டுமே இந்தக் குத்தல் பிறக்கும்.

இதிலே இன்னொரு நயம் உண்டு. வசவு சொல்ல வந்த ஆழ்வாருக்கு வாயில் வந்த வினைச்சொல் ‘வாழ்’ என்பது. கெட்டுப்போம் என்று சொல்ல அவரால் ஆகவில்லை. பல்லாண்டு பாடும் குலத்தில் வந்தவருக்கு எம்பெருமான் விஷயமாகக் கோபித்தாலும் வாழ்த்தைத் தவிர வேறு சொல் கைவசமில்லை. பிணக்கு எவ்வளவு முற்றினாலும் மங்களாசாஸனம் என்னும் ஸ்வரூபம் கீழே நின்று தாங்குகிறது. வாழ்த்தின் சொல்லால் வசவும், வசவின் நடுவே வாழ்த்தும் ஆகிற இந்த இரட்டை நிலையை ‘உள்ளொன்று புறமொன்று’ என்று பிரிக்கக்கூடாது. இரண்டும் ஒரே மூச்சில் மெய்.

ஐந்தாம் பாசுரத்தில் வழக்கு தத்வவிசாரமாகவே ஆகிவிடுகிறது. தீயாகவும் நீராகவும் திசைகளாகவும் நிலமாகவும் எம்பெருமானாய் நிற்கிறீர். அப்படி நின்றால் அடியோங்கள் காணமாட்டோமே. தாயும் தந்தையுமானவர் எங்களுக்கும் எம்பெருமான் அல்லீரோ என்கிறார். ஒன்பதாம் பாசுரத்தில், சிந்தைக்குள்ளே முந்திக்கொண்டு நிற்கிறீர், திருமேனியை மட்டும் காட்டமாட்டீர் என்கிறார். பரம், வ்யூஹம், விபவம், அந்தர்யாமித்வம், அர்ச்சை என்னும் ஐந்து நிலைகளில் அர்ச்சைக்குள்ள ஏற்றம் கண்ணுக்கு இலக்காவதே. கோயிலில் எழுந்தருளியும் காட்சி தாராவிட்டால், அந்தர்யாமியாய் மறைந்து நிற்பதற்கும் இதற்கும் என்ன வாசி என்று கேட்கிறார் ஆழ்வார். அர்ச்சாவதாரத்தின் ஏற்றத்தை விளக்கும் ப்ரமாணமாக ஒரு சண்டை வாய்த்திருக்கிறது.

ஆறாம் பாசுரத்தில் ஒரு முரண் தோன்றும். நாலாம் பாசுரத்தில் வாசி பார்க்கிறீர் என்று குற்றம். ஆறாம் பாசுரத்தில், அடியேனை உம் அடியார் எல்லாரோடும் ஒக்க எண்ணிவிட்டீர், வாசி பார்க்கவில்லையே என்று குற்றம். பார்த்தாலும் தப்பு, பாராவிட்டாலும் தப்பு என்றால் எம்பெருமான் என்செய்வான்? பிணக்கின் தர்க்கம் இப்படித்தான் இருக்கும் என்று சிரித்துவிட்டுப் போகலாம், சிரிக்கவும் வேண்டும். ஆயினும் இரண்டும் ஒரே குற்றச்சாட்டு என்பது சற்று நின்று பார்த்தால் விளங்கும். காட்டுவதில் வாசி கூடாது. தாங்கும் சக்தியில் வாசி உண்டு. ஒருநாள் காணாவிட்டாலும் பொறுத்திருப்பவர் உண்டு. க்ஷணம் பொறாதவரும் உண்டு. அவ்விருவரையும் ஒக்க எண்ணினது அறியாமையல்லவோ என்கிறார்.

அதனால்தான் அடுத்து ஸர்வஜ்ஞத்வத்தின்மேலேயே கை வைக்கிறார்: நல்லாரை அறிவீர், தீயாரை அறிவீர், உலகத்தில் உள்ளவையெல்லாம் அறிவீர், இது ஒன்றைத்தான் அறியீர். ஸஹஸ்ரநாமத்தில் அவிஜ்ஞாதா என்னும் திருநாமத்துக்கு, அடியாருடைய குற்றங்களை அறியாதவன் என்று பராசரபட்டர் அர்த்தம் அருளிச்செய்தார். அங்கே அறியாமை வாத்ஸல்யம் என்னும் குணமாகிறது. இங்கே ஆழ்வார், குற்றத்தை அறியாதிருப்பது உமக்கு அழகு, என் ஆசையை அறியாதிருப்பதும் அழகோ என்று கேட்பதாகக் கொண்டால் இரண்டு இடமும் ஒன்றையொன்று விளக்கும். எல்லாமறிந்தவனுக்கு அறியாமை என்பது எப்போதும் ஒரு விருப்பமே. அந்த விருப்பத்தை எங்கே செலுத்துவது என்பதுதான் வழக்கு.

இவ்வளவும் பேசி முடித்த பிறகு, பலச்ருதியில் ஆழ்வார் தம் பாசுரங்களுக்கு என்ன பெயரிடுகிறார்? சீர்மை நிறைந்த இனிய சொற்களாலான மாலை என்கிறார். வசவு கலந்த வார்த்தைகளை இன்சொல் என்று அவரே அழைத்துவிட்டபின், இதை இன்னா மொழி என்று நாம் அஞ்ச வேண்டியதில்லை. அதை இன்சொல்லாக்குவது எது என்று தேடவேண்டியதே நம் கடமை.

சாழலும் சிசுபாலனும்

தேடலுக்கு உதவுவது அதே ஆழ்வாருடைய சாழல் திருமொழி (11-5). சாழல் பெண்பிள்ளைகளின் விளையாட்டு. ஒருத்தி பழித்துக் கேட்க, மற்றொருத்தி விடை சொல்லுவாள். திருவாசகத்திலும் இவ்விளையாட்டு வடிவம் உண்டு. அக்காலத் தமிழ்நாட்டில் நன்கு வழங்கிய ஆட்டம் என்பது இதனால் தெரியலாம். திருமங்கையாழ்வாரின் சாழலில் முதல் தோழி எம்பெருமானுடைய எளிமையை எள்ளலாகப் பேசுகிறாள். காட்டிலே கல்வழியில் நடந்தானாமே; ஆய்ப்பாடியில் தயிரும் வெண்ணெயும் உண்டானாமே; இடைச்சி கையால் அடியுண்டு கயிற்றால் கட்டுண்டானாமே; தூது போய்ச் சொல்லுண்டானாமே; தேர் ஓட்டினானாமே; குறளாய் மண் இரந்தானாமே. இரண்டாமவள் ஒவ்வொன்றுக்கும் விடை சொல்லுகிறாள்.

விடை சொல்லும் முறையே இங்கு ஆராயத்தக்கது. இரண்டாமவள் குற்றச்சாட்டை மறுக்கவில்லை. பழித்தவள் சொன்ன சொற்களையே எடுத்துத் தன் விடையைத் தொடங்குகிறாள். ஆம், தயிருண்ட வயிறுதான். ஏழுலகத்தை உண்டும் இடம் மிகுந்திருக்கும் வயிறு அது. ஆம், கட்டுண்டவன்தான், தேவர்களாலும் எண்ணிப் பார்க்க அரியவன் அவன். ஆம், காட்டில் நடந்த அடிகள்தாம். வானவர் சென்னியில் மலராயிருப்பவை அவை. பரத்வத்தைக் காட்டி ஸௌலப்யத்தை மூடிவிடுவது எளிதாயிருந்திருக்கும். அப்படிச் செய்யாமல், எளிமையைச் சொன்ன அதே சொல்லின்மேல் பெருமையை நிறுத்துகிறாள். எளிமைக்கும் பெருமைக்கும் வேறு வேறு சொல் இல்லை என்பதை இரண்டு பெண்கள் ஆட்டத்தில் நிலைநாட்டிவிடுகிறார்கள்.

இங்கே ஒரு சங்கை எழ வேண்டும். முதல் தோழி சொன்னவற்றைத்தானே சிசுபாலனும் சொன்னான்? யுதிஷ்டிரருடைய ராஜஸூய ஸபையில் அக்ரபூஜை கண்ணனுக்கு ஆனபோது, இடையன் என்று இகழ்ந்தான். கோவர்த்தனத்தை எடுத்ததைப் புற்றை எடுத்ததாகப் பேசினான். மலைமேல் மிகுதியாய் உண்டதைப் பரிஹஸித்தான் என்று மஹாபாரதத்தின் ஸபாபர்வம் சொல்லுகிறது. செய்தி ஒன்று, எள்ளலும் ஒன்று. அவன் பேச்சு கேட்டவர் செவியைச் சுட்டது என்பதை நம்மாழ்வாரே திருவாய்மொழி 7-5-3இல் காட்டுகிறார். தோழியின் பேச்சு மட்டும் எப்படி இனிக்கிறது?

வேறுபாடு மூன்று இடங்களில் உள்ளது. முதலாவது, பேசுகிறவன் நிற்கும் இடம். சிசுபாலன் உறவை அறுத்துக்கொண்டு வெளியே நின்று பேசினான். திருவிந்தளூர்ப் பாசுரங்களிலோ ஆழ்வார் முதல் வார்த்தையிலேயே உம்மைத் தொழுதோம், உம் பணியையே செய்திருக்கிறோம் என்று ஸம்பந்தத்தை நாட்டிவிட்டே பிணங்கத் தொடங்குகிறார். வாழ்ந்து போம் என்று சொல்லும் பாசுரத்திலும், நாடறிய உமக்கே ஆளாய்த் திரிகிறோம் என்று சொல்லியே முடிக்கிறார். போகிறேன் என்று சொல்லுகிறாரேயொழிய, போவதற்கு வேறு வாசல் அவருக்கு இல்லை.

இரண்டாவது, பேச்சின் நோக்கம். சிசுபாலன் கண்ணனுக்குச் செய்யும் பூஜையை நிறுத்தப் பேசினான். பிறர் நெஞ்சிலிருந்து அவனை இறக்கப் பேசினான். ஆழ்வார் எம்பெருமானை வரவழைக்கப் பேசுகிறார்.

மூன்றாவது, விடைக்கு இடம். சாழலில் பழிப்பவள் பாதிப் பாட்டோடு நின்றுவிடுகிறாள். கடைசி வார்த்தை எப்போதும் மற்றவளுடையது. பழிப்பே விடையை வரவேற்கும் வாசலாக அமைக்கப்பட்டிருக்கிறது. சிசுபாலனோ விடையை எதிர்பார்த்துப் பேசவில்லை. ஸம்பந்தம், அபேக்ஷை, விடைக்கு இடம் என்னும் இம்மூன்றும் உள்ளவிடத்தில் எள்ளல் இன்சொல்லாகிறது. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அதே சொல் செவியைச் சுடும்.

திருவாய்மொழி 6-2இல் நம்மாழ்வாரும் இந்நிலையை எய்துகிறார். காலம் தாழ்ந்து வந்த கண்ணனை ஆய்மகள் கதவடைத்துப் போகச் சொல்லுகிறாள். போகச் சொல்லும்போது அவனை அழைக்கும் பெயர் ‘நம்பி’. குணங்களால் நிரம்பினவன் என்பது அதன் பொருள். இந்நேரம் வந்து நிற்பதும் உன் குணபூர்த்தியில் சேர்ந்ததோ என்பது அவள் கருத்து. ஒரு திருநாமமே குத்தலாகிறது. குத்தலாகியும் திருநாமமாகவே நிற்கிறது. இத்திருவாய்மொழியின் முடிவில், வெண்ணெய் விஷயமாகத் தாய் சீற அதற்கு அழுதவன் என்று ஆழ்வார் அவனைப் பேசுவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒருத்தியின் சீற்றத்துக்கு அழுதவன் ஆகையாலே இவளுடைய சீற்றத்துக்கும் அவன் இலக்காகிறான். வசவு கேட்பது அவனுக்கு இழுக்கன்று. வசவு கேட்கும்படி எளியனாய் வந்ததே அவதாரம். அடுத்த திருவாய்மொழியில் ஆழ்வார், ஒன்றோடொன்று சேராதவற்றையெல்லாம் தன்பால் சேர்த்துக்கொண்டவன் அவன் என்று வியக்கிறார். சேரமாட்டேன் என்ற தம்மைச் சேர்த்துக்கொண்ட வித்தகத்தைக் கண்ட பின்பு பிறந்த வியப்பு அது என்று பூர்வர்கள் ஸங்கதி காட்டுவர்.

அடியார்க்குள்ளே பரிஹாஸம்

இதுவரை பார்த்தது எம்பெருமானை நோக்கிய பேச்சு. அடியார் ஒருவரையொருவர் நோக்கிப் பேசும் இடத்தில் நெறி வேறாகிறது. இதற்குத் திருப்பாவையின் பதினைந்தாம் பாசுரமே இலக்கு. உள்ளே ஒருத்தி, வெளியே பலர். இன்னும் உறங்குகிறாயோ என்று வெளியார் சீண்டுகிறார்கள். சிலுசிலுவென்று கூப்பிடாதீர்கள், வருகிறேன் என்கிறாள் உள்ளிருப்பவள். உன் வாய்ச்சாதுர்யம் எங்களுக்குத் தெரியாதா என்கிறார்கள். நீங்களே வல்லவர்கள் என்று திருப்பிக் கொடுக்கிறாள். பெண்பிள்ளைகள் விடியற்காலையில் வாசலில் நின்று பேசும் பேச்சு அச்சாக அப்படியே இருக்கிறது. தொல்காப்பியர் சொன்ன நிலைக்களன்களில் எள்ளலும் இளமையும் இங்கே கைகோத்து நிற்கின்றன.

அடுத்த க்ஷணத்தில் ஒன்று நடக்கிறது. நீங்களே வல்லவர்கள் என்ற வாயாலேயே, ‘இல்லை, நானேதான் ஆகட்டும்’ என்று உள்ளிருப்பவள் குற்றத்தைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளுகிறாள். வாதத்தில் அவள் பக்கம் ந்யாயம் இல்லாமலில்லை. இருந்தும் விட்டுக்கொடுக்கிறாள். இல்லாத குற்றத்தையும் அடியார் சொன்னால் இசைவதே ஸ்ரீவைஷ்ணவ லக்ஷணம் என்று வ்யாக்யாதாக்கள் இவ்விடத்தில் காட்டுகிறார்கள்; தான் செய்யாத குற்றத்தைத் தன் பாபமென்று ஏற்ற பரதாழ்வானை எடுத்துக்காட்டுகிறார்கள். பகவத் விஷயத்தின் எல்லை ‘சிற்றஞ்சிறுகாலை’யிலும், பாகவத விஷயத்தின் எல்லை இப்பாட்டிலும் காட்டப்படுவதாகக் கொண்டு, திருப்பாவையாவது இதுவே என்னும்படி இதற்கு ஏற்றம் சொல்லுகிறார்கள்.

முப்பது பாட்டிலும் இவ்வளவு பெரிய அர்த்தத்தை வைக்க, ஆண்டாள் ஒரு வாய்ச்சண்டையைத் தேர்ந்தெடுத்தது ஏன்? உபதேசமாகச் சொல்லியிருந்தால் ‘குற்றத்தை ஏற்றுக்கொள்’ என்பது கட்டளையாயிருக்கும். சண்டையின் நடுவே சொல்லப்பட்டதால் அது அநுஷ்டானமாகிறது. வெல்லக்கூடிய வாய் தோல்வியை ஏற்பதுதான் ஏற்றம். பேசத் தெரியாதவள் அடங்கிப்போனால் அதில் விசேஷமில்லை. இவளுக்குச் சாதுர்யம் உண்டு என்பதை முதலில் நாம் காண வேண்டும். அப்போதுதான் அவள் அதை விட்டது நமக்குத் தெரியும். பரிஹாஸம் இல்லாவிட்டால் இப்பாட்டின் ஸாரார்த்தம் வெளிப்பட வழியே இல்லை.

ஆக, இரண்டு நெறிகள் தேறின. எம்பெருமான் பக்கம் அடியானுடைய குத்தல் மேலே போகலாம்; ஸர்வஜ்ஞத்வம் வரையிலும் போகலாம்; ஸம்பந்தம் அதைத் தாங்கும். அடியார் பக்கம் பரிஹாஸம் தன் தோல்வியில் முடிய வேண்டும். அவனிடத்தில் வழக்காடி வெல்லப் பார்ப்பது. இவர்களிடத்தில் வெல்லக்கூடியதையும் தோற்பது.

இன்றைய நம் நிலை

இந்த அளவுகோலை வைத்து இன்றைய உபந்யாஸங்களையும் எழுத்துக்களையும் பார்த்தால் இரண்டு குறைகள் புலப்படுகின்றன. ஒரு சாரார் இப்பாசுரங்களின் நகையைக் கண்டு கூசி, உடனே ஸ்வாபதேசத்துக்குத் தாவிவிடுகிறார்கள். பதினைந்தாம் பாட்டின் பெண்கள் வாய் திறப்பதற்கு முன்பே தத்வங்களாகிவிடுகிறார்கள். வ்யாக்யாதாக்கள் அப்படிச் செய்யவில்லை. அவர்கள் முதலில் அந்தப் பேச்சைப் பேச்சாகவே காட்டி, யார் சொன்னது, எந்தத் தொனியில் சொன்னது, எதிரில் உள்ளவள் முகம் எப்படி மாறிற்று என்பதெல்லாம் தெரியும்படி செய்து, பிறகே உள்ளுறையைத் திறக்கிறார்கள். அவர்களுடைய மணிப்ரவாளமே பல இடங்களில் வாய்ப்பேச்சின் நடையிலிருப்பதற்கு இது ஒரு காரணம்.

மற்றொரு சாரார் நகையை மட்டும் எடுத்துக்கொள்ளுகிறார்கள். ஆழ்வார் பெருமாளைத் ‘திட்டினார்’ என்று சொல்லி ஸபையைச் சிரிக்கவைத்துவிட்டு, அந்தத் திட்டின் கீழிருந்த தாபத்தைச் சொல்ல நேரமில்லாமற்போகிறது. அதைவிடப் பெரிய குறை, அந்தச் சிரிப்பின் சுவை பிடித்துப்போய், மாற்றுக் கலையாரையும் பிற ஆசார்யர்களின் அடியார்களையும் பரிஹஸிக்க அதே சாதுர்யத்தைப் பயன்படுத்துவது. இது திசை மாறிப்போன அம்பு. எம்பெருமானை நோக்கியிருந்தால் அது அபேக்ஷையாயிருக்கும். பாகவதர்களை நோக்கினால் அபசாரமாகிறது. ‘ஆழ்வாரே பேசியிருக்கிறாரே’ என்று இதற்கு ஆழ்வாரைத் துணைக்கு அழைக்க முடியாது. அவர் வழக்காடினது எம்பெருமானோடு. அடியாரோடு வழக்காட நேர்ந்த இடத்தில் ஆண்டாள் காட்டின வழி நானே ஆகட்டும் என்பது.

முதியவரின் கேள்விக்குத் திரும்புவோம். மனம் நொந்த வேளையில் நாமும் இப்படிப் பேசலாமோ? ஆழ்வாருடைய வாக்கை அவருடைய வாக்காகவே, அவருடைய ஸம்பந்தத்தை முன்னிட்டுக்கொண்டு அனுஸந்திக்கிறவரையில் நமக்கு அதிகாரக்குறை இல்லை. இனிய சொல்மாலை என்று பெயரிட்டு, கற்றவர்க்குப் பலமும் சொல்லி அதை நம் கையில் தந்தவர் அவரே. நம் சொந்த வாயால் பேசத் துணியும்போது மட்டும் நம்மையே ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும்: போகிறேன் என்று அவனிடம் சொன்னால், போவதற்கு நமக்கு வேறு வாசல் இருக்கிறதா? இருக்கிறதென்றால் அந்தப் பேச்சு நமக்கு ஆகாது. இல்லையென்று நெஞ்சறியச் சொல்ல முடியுமானால், அப்போது வாயில் வரும் வசவும், திருவிந்தளூரில் வந்ததுபோல், வாழ்த்தாகவே வரும்.